முயல் என்று நினைக்கட்டும்

வண்டி நிறுத்துமிடத்தில் என் வேலை.
நிமிடத்தை விற்பவன் நான்.
ஆனாலும் ஒரு நிமிடம் இத்தனை நீளமென்று
நேற்றிரவுவரை தெரியாது.

சட்டையை மார்புக்கு மேல் சுருட்டிவிட்டு
கைபேசி வெளிச்சத்தில் எண்ணினோம்.
துல்மா விரல் மடக்க, நான் கடிகாரம் பார்க்க,
அறுபத்திரண்டு.
மறுபடி எண்ணு என்றாள்.
அறுபத்து நான்கு.
ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பின் கீழே
ஒரு குழி விழுந்து எழுந்தது,
யாரோ உள்ளிருந்து தோலைப் பிடித்து இழுப்பதுபோல.

ஏழு மாதம்.
ஹூலன் என்று பெயர்.
கோபிப் பாலைவனத்தில் மூச்சிரைக்காமல் ஓடுமே
அந்தக் காட்டுக்கழுதையின் பெயர்.
அது ஓடி நான் பார்த்ததில்லை.
துல்மாவின் அப்பா பார்த்திருக்கிறாராம், ஒரே ஒரு முறை,
லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து.

மூக்குக்கு இரண்டு சொட்டு உப்புநீர்.
ரப்பர் உருண்டையை அழுத்திப் பிடித்து, வைத்து, விட்டால்
சளி வரும்.
வந்தது.
சளியில் ஒரு கறுப்பு இழை.
துல்மா அதைத் துணியில் வாங்கி
எனக்குக் காட்டாமல் மடித்தாள்.
நான் பார்த்துவிட்டேன்.

எங்கள் வட்டக் கூடாரத்தில் அடுப்புதான் நடுநாயகம்.
வெளியே உலான்பாதரின் வடக்கு மேடு,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கரி போட்டால் புகை.
போடாவிட்டால் நாலு மணிக்கு வாளித் தண்ணீர் உறையும்.
போட்டேன்.
போடும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன்,
நான் இழுக்காத காற்று அவளுக்கு மிஞ்சுமென்று.

நாலு மிடறு குடித்ததும் மார்பை விட்டாள்.
வாய் பாலைக் கேட்டது, மூக்கு காற்றைக் கேட்டது,
இரண்டுக்கும் ஒரே குழந்தை.
கரண்டியில் கொடுத்தோம். கக்கினாள்.
உதட்டைச் சுற்றி ஒரு நிறம்.
அதற்கு மேல் எண்ணவில்லை.

கிளம்புகையில் துல்மா
சட்டியின் அடியில் கட்டைவிரலைத் தேய்த்து
ஹூலனின் நெற்றியில் வைத்து
மூக்கு நுனிவரை இழுத்தாள்.
இரவில் பிள்ளையை வெளியே எடுத்தால் எங்களிடம் இது வழக்கம்.
இருட்டில் திரிவது எதுவோ
'இது முயல், மனிதக் குஞ்சில்லை' என்று விலகிப் போகும்.

சோய்ஜில் தன் காரைக் கிளப்பினான்.
அவன் வீட்டிலும் கைக்குழந்தை.
முன்விளக்கு எரிந்தும் சாலை தெரியவில்லை.
மேடு முழுக்க எல்லா அடுப்புகளும்
எங்கள் அடுப்பைப் போலவே
அவரவர் பிள்ளைக்காக எரிந்துகொண்டிருந்தன.

அங்கே ஒரு கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள்,
தலைமாடு கால்மாடாக.
தாதி சரன்துயா மூக்கில் குழாய் பொருத்த வந்தாள்.
பிளாஸ்டர் ஒட்டவில்லை. கரி.
திட்டவில்லை.
"என் பிள்ளைக்கும் வைப்பேன்" என்று
பஞ்சை நனைத்துத் துடைத்தாள்.
பஞ்சு கறுத்தது.
பிறகு மூக்கின் உள்ளே இன்னொரு பஞ்சு.
அதுவும் கறுத்தது.
இரண்டையும் ஒரே தட்டில் போட்டாள்.
காவலுக்கு வைத்தது எது, குளிருக்கு எரித்தது எது,
தட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

எண்பத்தொன்பது என்றது பெட்டி.
விடியும்போது தொண்ணூற்று நான்கு.
பக்கத்துக் குழந்தை தூக்கத்தில்
ஹூலனின் கால் பெருவிரலைப் பிடித்திருந்தது.
துல்மா தரையில் உட்கார்ந்தபடி
கட்டில் விளிம்பில் தலைவைத்து
வாய் திறந்து தூங்கினாள்.
எழுப்பாமல் வந்தேன்.

இன்னும் நாலு நாள் இங்கேதான் என்றார்கள்.
பேருந்து பிடித்து மேடேறினேன்.
வாளியில் தண்ணீர் கல்.
துல்மாவுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும்,
ஈரத் துணிகள் காய வேண்டும்.
அடுப்புமுன் குந்தித் தீப்பெட்டியைத் திறந்தேன்.

பலகை வேலிக்கு அப்பால்
சோய்ஜிலின் பையன் இருமினான்.
காத்திருந்தேன்.
மறுபடியும்.

குச்சியைப் பெட்டிக்குள் போட்டேன்.
அவன் கதவைத் தட்டி,
பையன் சட்டையை மேலே சுருட்டு என்றேன்,
நீ எண்ணு,
நிமிடம் நான் பார்க்கிறேன்.